காருக்கு ஒரு எவர்சில்வர் சடை

கார் ரிப்பேர் என்றாலே, "அது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டி விடுவோம். சகோதரிகளே, இந்தத் தடவை கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். காரோ, ஸ்கூட்டரோ, நாமும் நம் குழந்தைகளும் ஏறிப் போகிற வண்டிதானே? அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை வீட்டு ஆண்கள் பேசிக் கொள்ளட்டும். எப்படி நிற்கும் என்பதை நாமும் கேட்டுத் தெரிந்து கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. பணக்காரர்கள் என்று நினைத்து விடாதீர்கள்! கோவையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவர் என் கணவர். அவருடைய சித்தப்பா குன்னூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தார். அங்கிருந்த மேனேஜர் ஊரை விட்டுப் போகும்போது அவரிடம் விற்றுவிட்டுப் போன கார் அது. சித்தப்பா தவறிய பிறகு எங்கள் வீட்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது.

எம்.ஜி.பி. என்று பெயர். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்கிற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேலே செய்து உலகம் பூராவும் அனுப்பியிருக்கிறார்கள். எங்களுடையது 1967-ல் செய்தது. இரண்டே இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே துணிக்கூரை. சக்கரத்துக்கு சைக்கிள் மாதிரி கம்பிகள். என் மாமியார் அதைப் பார்க்கும் போதெல்லாம், "குடும்பத்தோட போக முடியாத வண்டி என்ன வண்டி?" என்பார். ஆனாலும் ஆயுத பூஜையன்று முதல் சந்தனப் பொட்டு அதற்குத்தான்!

வாசனை சொன்ன சேதி

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் அந்தக் காரில் காரமடை ரங்கநாதர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக் கொண்டிருந்தோம். பிரேக் போடும் போதெல்லாம் வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சமாளித்துக் கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போனதும் எனக்கு ஒரு வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் மறந்து வைத்தால் வருமே, அந்த மாதிரித் தீய்ந்த நெடி.

"ஏனுங்க, ஏதோ தீயற வாசனை வருதுங்க."

"ரோட்டோரம் எவனாவது டயரைக் கொளுத்தியிருப்பான், அம்மிணி."

"இல்லீங்க, நம்ம கூடவே வருது. ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். நாலு சக்கரத்தையும் சுற்றி வந்தேன். இடது முன் சக்கரத்தின் பக்கம் போனாலே அனல் அடித்தது. பாட்டில் தண்ணீரில் நாலு சொட்டுத் தெளித்தேன். தோசைக்கல்லில் தெளித்தது போல 'சுர்ர்' என்றது. அவர் முகம் மாறிவிட்டது. முக்கால் மணி நேரம் புளிய மரத்தடியில் உட்கார்ந்து ஆற விட்டு, மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காரைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக்கை மிதித்து விட்டால் அந்த ஒரு சக்கரம் மட்டும் இறுகியே நின்றது. கையால் சுற்ற முடியவில்லை. மேலே இரும்புக் குழாய் சேருகிற இடத்தைத் தளர்த்திப் பார்த்தார். சக்கரம் அப்படியே நின்றது. சக்கரத்துப் பக்கமிருக்கும் சின்ன நிப்பிளைத் தளர்த்தியதும் பிரேக் ஆயில் பீச்சியடித்தது, சக்கரமும் விடுபட்டது. "நடுவில இருக்கிற ஹோஸ்தான் அடைச்சிருக்கு" என்றார்.

எனக்கோ நம்பிக்கையில்லை. அந்த ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்கக் கறுகறுவென்று, வெடிப்பு ஒன்றுமில்லாமல் நன்றாகத்தான் இருந்தது. கழற்றிய பிறகு ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். உள்ளே ரப்பர், ஊறிய அவல் மாதிரி உப்பிப் போய், நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்தது!

கடைசி ஒரு சாண்

பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்கு அவரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டேன். நீங்களும் தெரிந்து கொள்ளுங்கள், கஷ்டமே இல்லை.

நாம் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் என்ற சின்னப் பம்பு பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் காரின் அடியில் ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியாகச் சக்கரங்களுக்குப் போகிறது. முன் சக்கரத்தில் ஒரு வட்டத் தட்டை இடுக்கி மாதிரி இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது. பின் சக்கரத்தில் டிரம்முக்குள்ளே பட்டைகள் விரிந்து உரசுகின்றன. அவ்வளவுதான்.

ஆனால் சக்கரம் ஓரிடத்தில் நிற்காதே! பள்ளத்தில் இறங்கும், மேட்டில் குதிக்கும், முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும். இரும்புக் குழாய் அதற்கெல்லாம் வளைந்து கொடுக்குமா? அதனால் கடைசி ஒரு சாண் தூரத்துக்கு வளைகிற ஹோஸ் வைத்திருக்கிறார்கள். எங்கள் காரில் அப்படி மூன்று: முன் சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, பின் அச்சுக்கு ஒன்று.

ரப்பர் ஹோஸ் வயதாகும்போது இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, மிதிக்கும்போது பலூன் மாதிரி லேசாக ஊதும். நம் காலின் பலம் சக்கரத்துக்குப் போகாமல் ஹோஸை ஊதுவதிலேயே கொஞ்சம் வீணாகும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இன்னொன்று, எங்கள் ஹோஸுக்கு வந்த வியாதி. உள்ளே உப்பி வழி சுருங்கி விடும். காலின் பலத்தால் ஆயில் எப்படியோ உள்ளே நுழைந்து விடும். காலை எடுத்த பிறகு திரும்பி வர அதைத் தள்ளுவாரில்லை. சக்கரம் பிரேக் பிடித்தபடியே ஓடும், சூடேறும்.

இதிலே பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இப்போது வருகிற கார்களில் பிரேக் லைனை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று ஒழுகினாலும் மற்றது காப்பாற்றும். எங்கள் 1967 காரில் எல்லாமே ஒரே லைன். மூன்று ஹோஸில் ஏதாவது ஒன்று வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். மிச்சம் இருப்பது பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கிற ஹேண்ட் பிரேக்தான்.

அந்த நேரம் பார்த்து என் பெரிய பையன், இருபத்தியோரு வயசு, "அம்மா, அடுத்த வாரம் சிநேகிதனைக் கூட்டிக்கிட்டு இதுல குன்னூர் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டுக் கொண்டிருந்தான்.

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறில் ஏறினால் குன்னூர் வரை கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைக்கூட விடுங்கள், இறங்கும்போது பிரேக்குக்கு ஓய்வே கிடையாது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பாதாளம். "கண்ணு, அந்தக் காரோட பிரேக் மொத்தமும் புதுசாகிற வரைக்கும் நம்ம தெருவைத் தாண்டக் கூடாது" என்று சொல்லிச் சாவியை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டு விட்டேன்.

ரப்பரா, பின்னலா?

அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வாக்குவாதம். பையன், "பிரெய்டட் ஹோஸ் போடலாம்ப்பா, ரேஸ் காருக்கெல்லாம் அதைத்தான் போடறாங்க" என்றான். அவரோ, "நல்ல ரப்பர் ஹோஸே போதும்டா, கம்பெனிக்காரன் போட்டது அதுதானே?" என்றார்.

பிரெய்டட் என்றால் என்ன என்று கேட்டேன். பின்னல்! நம் சடை மாதிரியே, மெல்லிய எவர்சில்வர் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி மேல் உறையாகப் போட்டிருப்பார்களாம். உள்ளே இருக்கும் குழாய் பி.டி.எஃப்.இ. என்கிற பிளாஸ்டிக். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் நான்ஸ்டிக் தவாவில் பூசியிருக்கும் டெஃப்லான் அதேதான். 1938-ல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க விஞ்ஞானி வேறெதையோ ஆராய்ச்சி செய்யும்போது தற்செயலாகக் கிடைத்ததாம். அது பிரேக் ஆயிலில் ஊறாது, உப்பாது. மேலே உள்ள பின்னல் அதை ஊத விடாமல் இறுக்கிப் பிடித்துக் கொள்ளும். அதனால் மிதிக்கிற பலம் வீணாகாமல் சக்கரத்துக்குப் போகும்.

"அப்ப கார் சீக்கிரம் நிக்குமா?" என்று கேட்டேன். அவர் நியாயமாகப் பதில் சொன்னார். "அப்படிச் சொல்ல முடியாது. நிக்கறது டயரும் பிரேக் பேடும் ரோடும் சேர்ந்து செய்யற வேலை. இது போட்டா பெடல் கெட்டியா இருக்கும். எவ்வளவு மிதிக்கிறோம்னு காலுக்குத் தெளிவாத் தெரியும். அதுதான் லாபம்."

நல்ல புது ரப்பர் ஹோஸ் போட்டாலும் பத்திரம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வந்த சிக்கல், இத்தனை பழைய காருக்குக் கடையில் கிடைத்த ரப்பர் ஹோஸ்கள் பெட்டி பிரிக்காமலே வருஷக் கணக்காகத் தூங்கியவை. ரப்பர் உபயோகிக்காமல் இருந்தாலும் வயதாகும். நாம் வாங்கி வைத்த ரப்பர் பேண்டு டப்பாவிலேயே இற்றுப் போவதில்லையா? அதனால் பின்னல் ஹோஸே வாங்குவது என்று முடிவாயிற்று. என் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தேன். அந்த மாதம் எடுப்பதாக இருந்த பட்டுப் புடவை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப் போயிற்று.

மலிவு யோசனை வேண்டாம்

இதற்கிடையில் பட்டறைக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர், "மண் வெட்டற மெஷினுக்கெல்லாம் நாங்கதாங்க ஹோஸ் செஞ்சு தர்றோம். ஒரு மணி நேரத்தில உங்களுக்கும் அடிச்சுத் தர்றேன், பாதி விலை கூட ஆகாது" என்றார். லேத் வைத்திருப்பவருக்கு ஆசை வராதா? ஆனால் என் கணவர் தலையை ஆட்டி மறுத்து விட்டார்.

காரணம் கேட்டேன். அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது அந்த ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம், நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு. பிரேக் ஹோஸ் என்று செய்கிறவர்கள் அந்த அழுத்தத்தை வைத்து ஒவ்வொன்றையும் சோதிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான தடவை வளைத்து, முறுக்கி, அந்த மாடலையே பரீட்சை செய்கிறார்கள். முனையில் அழுத்திப் பிடித்திருக்கும் பூண் கழன்று வந்தால் என்ன ஆகும்? மண் வெட்டும் மெஷின் நின்ற இடத்திலேயே நிற்கும். கார் நிற்காது.

மரை விஷயமும் உண்டு. எங்கள் காரில் இங்கிலீஷ் அங்குலக் கணக்கு மரை, 3/8 அங்குலம், அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர். இந்தக் காலத்து வண்டிகளில் 10 மில்லிமீட்டர் மரை. இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும். மாற்றிப் போட்டால் நாலு சுற்று ஏறி இறுகின மாதிரிப் பாவனை காட்டும். ஓங்கி மிதித்தால் பிடுங்கிக் கொண்டு வரும்! இந்த மாடலுக்கென்றே சோதனை முத்திரையோடு செய்த மூன்று ஹோஸை இங்கிலாந்திலிருந்து பார்சலில் வரவழைத்தோம். வந்து சேர மூன்று வாரம் ஆனது. சாவி அரிசிப் பானையிலேயே இருந்தது.

அமுக்கு... பிடி... விடு!

மாற்றுகிற நாளில் காரை ஜாக்கியால் தூக்கி, நாலு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தினார். வெறும் ஜாக்கியை நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ காருக்கு அடியில் யாரையும் போக விடாதீர்கள். இது மிகவும் முக்கியம்.

ஹோஸைக் கழற்றும்போது முதலில் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தி, அப்புறம் கிளாம்பில் இருக்கும் நட்டைக் கழற்றி, கடைசியில் சக்கரத்துப் பக்கம் திருகி எடுக்க வேண்டும். புது ஹோஸ் போடுவது இதற்கு நேர் தலைகீழ். சக்கரத்துப் பக்கம் புதுச் செப்பு வாஷர் போட வேண்டும். பழையதையே போட்டால் கசியும். மேல் பக்கம் இறுக்கும்போது ஹோஸ் முறுக்கிக் கொள்ளாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக் கொள்ள வேண்டும். முறுக்கினாலோ, கூர்மையாக மடக்கினாலோ உள்ளே இருக்கும் டெஃப்லான் குழாய் மடிந்து விடும். மேலே பின்னல் மூடியிருப்பதால் அது வெளியே தெரியாது.

முன்பக்கம் இரண்டும் முடிந்தது. பின்பக்கம் போனபோதுதான் சோதனை. கிளிப்புக்கு அடியில் இரும்புக் குழாய் துரு ஏறி, அப்பளம் மாதிரி இருந்தது. ஸ்பேனரை வைத்ததும் முறிந்து கையோடு வந்து விட்டது. பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்து விட்டான். எனக்கோ, "ரங்கநாதா, இது மலைப் பாதையில் முறியாமல் ஷெட்டிலேயே முறிந்ததே!" என்று இருந்தது. புது ஹோஸ் போட்டதால் பழைய குழாயில் குறையில்லை என்று ஆகி விடுமா? காருக்கு அடியில் ஓடுகிற இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றித்தான் மறுவேலை என்று அவரும் சொல்லி விட்டார். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் வாங்கினார். அது துருப் பிடிக்காது. இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போயிற்று.

கடைசியில் காற்று எடுக்கும் வேலை. குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்றுக் குமிழ்கள் நின்று விடும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். காற்று இருந்தால் பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சக்கரத்தடியில், ஒருவர் பெடலில். பெடல் ஆள் யார்? நான்தான்!

"அமுக்கு!" என்பார். மெதுவாக அமுக்குவேன். நிப்பிளைத் திறப்பார். கண்ணாடி டியூப் வழியாகக் குமிழோடு ஆயில் பாட்டிலுக்குள் இறங்கும். "பிடி!" என்பார். அவர் நிப்பிளை மூடுகிற வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அப்புறம் "விடு!" மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் உள்ள சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டே வர வேண்டும். வலது பக்கம் ஸ்டீயரிங் உள்ள எங்கள் காரில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஆயில் டப்பா காலியாகாமல் பார்த்து ஊற்றுவது பையன் வேலை. காலியானால் மறுபடி முதலிலிருந்து!

ஒரு மணி நேரம் அமுக்கி, பிடித்து, விட்டேன். என் மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து, "அம்மி அரைச்ச காலத்திலகூட இப்படி ஒரே மாதிரி செஞ்சதில்ல" என்று சிரித்தார். ஆனால் ஒன்று. முதலில் பஞ்சு மாதிரி இருந்த பெடல், கடைசிச் சக்கரம் முடிந்தபோது என் காலுக்கடியில் கல்லு மாதிரி நின்றது. அந்த வித்தியாசத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

உடனே ரோட்டுக்குப் போய்விடவில்லை. நான் ஒரு நிமிஷம் முழு பலத்தோடு அமுக்கிப் பிடிக்க, அவர் டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டிலும் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சக்கரத்தைத் தொங்க விட்டு, ஹோஸ் எங்கேயாவது உரசுகிறதா, இழுக்கிறதா என்று சோதித்தார். இந்தப் பின்னல் கம்பி எதில் உரசினாலும் அரம் மாதிரி அறுத்து விடுமாம். அதனால்தான் மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு வருகிறது. பிறகு தெருவில் மெதுவாக, அப்புறம் ஆளில்லாத ரோட்டில். நூறு கிலோ மீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு தடவை எல்லா மூட்டையும் பார்த்தார். அதற்கப்புறம்தான் சாவி அரிசிப் பானையிலிருந்து வெளியே வந்தது.

பையன் குன்னூர் போனான். இரண்டு பேர் காரில் இரண்டாவது ஆளாக சிநேகிதன் போகவில்லை, நான் போனேன்! இறங்கும்போது, "பெடல் எவ்வளவு கெட்டியா இருக்கு பாரும்மா!" என்று பெருமைப்பட்டான். "இருக்கட்டும் கண்ணு. ஏறின கியரிலேயே இறங்கு" என்றேன். எந்த ஹோஸ் போட்டாலும் பிரேக்கை விடாமல் மிதித்தபடியே மலை இறங்கினால் தட்டு பழுக்கக் காய்ந்து விடும். பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போகும். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக் கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.

பிரேக் ஆயில்: தாய்மார்கள் கவனத்துக்கு

ஆயில் என்று சொல்கிறோமே தவிர, நம் எஞ்சின் ஆயில் ஜாதி அல்ல அது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது, உப்பு ஜாடி மாதிரி. டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 3 என்றால் 205 டிகிரி, 140 டிகிரி. அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும். திறந்து வைத்த பழைய டப்பாவில் இருப்பதை ஊற்றக் கூடாது. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது.

இது விஷம். குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். தவறிப்போய்க் குழந்தை விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அந்த டப்பாவையும் எடுத்துக் கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள். காரின் பெயின்ட் மேல் சிந்தினால் பெயின்டே உரிந்து வரும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுங்கள்.

நம் வீட்டில் உள்ளவை

உங்கள் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் இல்லாமலிருக்கலாம். ஆனால் டிஸ்க் பிரேக் உள்ள ஸ்கூட்டர் இருக்கும். கைப்பிடி அருகே சின்னக் கண்ணாடி ஜன்னல் தெரிகிறதா? அதற்குள்தான் பிரேக் ஆயில். அளவுக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பேடு தேய்ந்திருக்கும், அல்லது எங்கேயோ கசிகிறது. கொஞ்சம் ஊற்றிச் சரிக்கட்டாமல் மெக்கானிக்கிடம் காரணம் கேளுங்கள். பிரேக் பிடி பஞ்சு மாதிரி இருந்தாலும், வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும், சக்கரத்திலிருந்து தீய்ந்த நெடி வந்தாலும் அன்றைக்கே காட்டி விடுங்கள்.

இன்னொரு ஹோஸ் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. காஸ் அடுப்பு டியூப்! ஆரஞ்சு நிறத்தில் வருகிற சுரக்ஷா டியூபுக்குள்ளும் எங்கள் கார் ஹோஸ் மாதிரியே இரும்புக் கம்பி வலை இருக்கிறது. அதை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அழுக்காகிறது என்று துணியோ வேறு உறையோ போட்டு மூடி வைக்காதீர்கள். காஸ் கசிகிற நெடி வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அறுத்துப் போட்ட அந்தப் பழைய ரப்பர் ஹோஸ் துண்டைத் தூக்கி எறிய வேண்டாமென்று சொல்லி, காஸ் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் யாராவது, "நல்லாத்தானே இருக்கு அக்கா, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிறேன். ரப்பருக்கு வயது உள்ளே ஏறுகிறது. வெளியே பார்த்து எதுவும் தெரியாது. ஆகவே சகோதரிகளே, பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே இன்னும் இரண்டு தேதி எழுதி வையுங்கள்: காஸ் டியூப் மாற்றிய தேதி, வண்டியின் பிரேக் ஆயில் மாற்றிய தேதி. புதுக் காலண்டர் மாட்டும் போதெல்லாம் அதில் பெயர்த்து எழுத மறக்காதீர்கள்.